ஒரே டேனரி, ரெண்டு இங்கிலீஷ்

ஒரு வாரமா இருந்த பேஜார் இன்னிக்கு ஒழிஞ்சுது. படிப்பகத்துக்கு வர்ற தோஸ்துங்களுக்குச் சொல்லணும்னுதான் இதை எழுதிப் பலகையில ஒட்டுறேன்.

தோல் பதனிடற எங்க ஆம்பூர் டேனரியை நடத்தறது அண்ணன் தம்பி ரெண்டு பேர். அங்க இங்கிலீஷ்ல கடிதம் எழுதறதும் ரெண்டு பேர். "தங்கள் தாழ்மையுள்ள ஊழியன்"னு குழைஞ்சு எழுதறவன் நான். தந்தி மாதிரி நாலே வரியில வெட்டி விடறவர் தேவராஜ்.

எங்க ரெண்டு பேர் கடிதத்தையும் படிச்ச, தோல் வாங்கற லண்டன் வியாபாரிக்குச் சந்தேகம். "அண்ணனும் தம்பியும் பிரிஞ்சுட்டீங்களா? விஷயம் தெரியறவரைக்கும் சரக்கு அனுப்பாதீங்க"ன்னு எழுதிட்டான்.

காலையில அண்ணன் முதலாளி எங்களைக் கூப்பிட்டு, ஏன் ஆளுக்கொரு மாதிரி எழுதறீங்கன்னு கேட்டார். நான் என் கடித வழிகாட்டிப் புஸ்தகத்தை நீட்டினேன். தேவராஜ் அவரோடதை நீட்டினார்.

"இன்னாத்துக்கு ரெண்டு புஸ்தகம்? வாங்கறவன் நமக்கு எப்டி எழுதறானோ, அப்டியே எழுதுங்க. அவன் கடிதம்தான் இனிமே வழிகாட்டி"ன்னார் முதலாளி.

வேலையே போய்டும்னு பயந்துட்டிருந்த எனக்கு அப்பதான் உயிர் வந்துது.

பதிலை நானும் தேவராஜும் சேர்ந்தே எழுதினோம். "நாங்க ஒத்துமையாத்தான் இருக்கோம்"ங்கிற அந்த ஒரு வரிக்குச் சாயங்காலம் வரைக்கும் சண்டை.

உங்க ஆபீஸ்ல எப்டி? கீழே எழுதிட்டுப் போங்க, பென்சில் பக்கத்துலயே தொங்குது.