முந்நூறு முதல் கையெழுத்து

ஊசி, வட்டாரக் கலைஞர்கள் சங்கத்துக்குத் தலைவரானதே பகையால்தான். முதல் கூட்டத்தில் பாட்டுக்காரர்களும் மேளக்காரர்களும் நாற்காலியை ஓங்கிக்கொண்டு நின்றபோது, நாடகங்களுக்கு உடுப்பு தைக்கும் அவர், கழுத்தில் அளவு நாடாவோடு நடுவில் புகுந்து இரண்டு பக்கத்தையும் ஏசினார். இரு தரப்பும் சரிசமமாக வெறுத்த ஒரே ஆள் அவர்தான். எனவே அவரையே தலைவராக்கிவிட்டார்கள். பட்டப்பெயர் தொழிலால் வந்ததா, நாக்கால் வந்ததா என்று அவர் மனைவியைக் கேட்டால், "ரெண்டும் குத்தும்" என்பாள்.

இருபத்திரண்டு வருடம் சண்டை போட்டே முதிய கலைஞர்களுக்கு ஓய்வூதியம் வாங்கினார், பேருந்தில் மேளத்துக்கு இடம் வாங்கினார். அவர் தும்மினால் நகராட்சியில் ஒரு கோப்பு தானாகத் திறந்துகொள்ளும். சொந்த ஆட்களைத்தான் ஜெயிக்க முடியவில்லை. சுவரொட்டியில் யார் பெயர் முதலில் என்பதே அவர்களுக்கு உயிர். வம்பே வேண்டாமென்று ஒருமுறை எல்லாப் பெயரையும் வட்டமாக அச்சடித்தார். படித்தவர்களுக்கெல்லாம் கழுத்து சுளுக்கி, எலும்பு வைத்தியர் அந்த வருடமே மாடி கட்டினார்.

இப்படியிருக்க, அவர்கள் ஒத்திகை பார்க்கும் பழைய கிடங்கை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. கையெழுத்திட்ட அதிகாரி வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணி, மாமா. முந்நூறு பேர் எதிர்த்துக் கையெழுத்து போட்டாத்தான் விசாரணை. ஒண்ணு குறைஞ்சாலும் புல்டோசர்."

"உங்கக்காவையே கட்டிக்கிட்டவன்கிட்ட புல்டோசரைக் காட்டுறியா?"

"உங்காளுங்க ஒரே தாள்ல கையெழுத்து போடுறதா? சிரிச்சே செத்துடுவேன்."

"அப்படியாவது ஒரு நல்லது நடக்கட்டும்."

மச்சான் சொன்னதுதான் நடந்தது. "மேளக்காரனுக்குக் கீழ நானா?" என்று பாட்டுக்காரி தாளைத் தள்ளினாள். "மேல இடம் விட்டா அவ வந்து குந்திக்குவா" என்று மேளக்காரர் பேனாவை மூடினார். வியாழன் மாலை தாளில் இருந்தது தலைவரின் கையெழுத்து ஒன்றே. அதையும் எவனோ அடித்திருந்தான்.

வெள்ளி காலை ஊசிக்குப் பித்தம் தலைக்கேறியது. மனுவை ஜெராக்ஸ் கடையில் முந்நூறுக்கு மேல் எடுத்து, கிடங்கு நடுவே கொட்டினார்.

"ஆளுக்கொரு தாள்! உங்களுக்கு மேல கூரை, கீழ தரை, பக்கத்துல எவனும் இல்ல. போட்டுத் தொலைங்க!"

போட்டார்கள். பாட்டுக்காரியின் கையெழுத்து ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கத்தில் முடிந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க, முந்நூற்றாறு தாளும் மச்சானின் மேசையில் விழுந்தன. அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தபால் பிரிவு அம்மா எட்டிப் பார்த்தார்.

"சார், இது ஒவ்வொண்ணும் தனி மனு. தனித்தனி நம்பர் போடணும், தனித்தனியா கூப்பிட்டு விசாரிக்கணும். விதி அப்படி."

மச்சானின் சிரிப்பு வற்றியது. ஊசிக்கும் அந்த விதி தெரியாது. ஆனாலும் தானே எழுதிய விதி போல மீசையைத் தடவிக்கொண்டார்.

விசாரணைக்கு வந்த ஒவ்வொருவரும் கிடங்கைப் பற்றி ஐந்து நிமிடமும், அடுத்து வரப்போகிறவனின் யோக்கியதை பற்றி ஒரு மணி நேரமும் பேசினார். மேளக்காரர் மேளத்தையே சாட்சியாகக் கொண்டுவந்து வாசித்தார். சுவரிலிருந்த பல்லிகள் குடும்பத்தோடு எதிர்க்கட்டடத்துக்குக் குடிபோயின. அறுபதாவது ஆள் தொண்டையைக் கனைத்தபோது மச்சான் எழுந்துவிட்டார். இடிக்கும் உத்தரவை ரத்து செய்து, காகிதத்தை ஊசியின் மடியில் எறிந்தார்.

"கிடங்கு இருந்து தொலையட்டும். அதை இடிச்சா இதுங்க எல்லாம் கத்துறதுக்கு இங்கதானே வரும்? இனிமே எங்க வீட்டு வாசல்ல கால் வைக்காதீங்க."

"உங்க வீட்டுக் காப்பியைக் குடிக்காம இருக்கிறது ஒரு தண்டனையா?" என்று வெளியே வந்தார் ஊசி.

தாழ்வாரத்தில் இன்னும் விசாரிக்கப்படாத இருநூற்று நாற்பத்தாறு பேர் புதுத்துணி உடுத்திக் காத்திருந்தார்கள்.

"நான் பேசாம எப்படி முடிப்பீங்க? ஜெயிச்சா அது என் பேச்சாலதானே ஜெயிச்சிருக்கணும்!" என்று ஒருவர் ஊசியின் சட்டையைப் பிடித்தார். "தலைவரை மாத்தணும்!" என்றது கூட்டம், இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரே குரலில். உத்தரவைப் பனியனுக்குள் செருகிக்கொண்டு, பின்படியில் இறங்கி ஓட்டமெடுத்தார் ஊசி.