சூலியா தெருவில் ஒரு தேய்ந்த சாவி

போன சனிக்கிழமை காலை நடந்தது இதுதான்:

1. சூலியா தெருவில் ஒருவர் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிளில் சாவியைப் போட்டார். சாவி திரும்பியது.
2. அது அவருடைய மோட்டார் அல்ல.
3. மோட்டாரின் சொந்தக்காரர் எதிர்க்கடையில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார்.
4. நான்கே நிமிடத்தில் கூட்டம் கூடி, விசாரணையும் தீர்ப்பும் முடிந்தன. அடி மட்டும்தான் பாக்கி.
5. பக்கத்து மேசையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் வாயைத் திறந்தேன்.

ஆதாரமா? இருந்ததே! சாவி போட்டவர் கையில் வேல் பச்சை குத்தியிருந்தது. தைப்பூசத்தன்று அது பக்தி. மற்ற நாட்களில் 'கேங்' அடையாளம்.

"என் மோட்டாரும் இதே செவப்புதாண்ணே. இன்னிக்கு ஹோட்டல்ல மொத நாள் வேல. பத்து மணிக்குப் போவலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க" என்றார் அவர்.

அப்போது மணி ஒன்பதரை. போலீஸுக்கு ஃபோன் போடச் சொன்னார் ஒருவர். அதற்கு முன் இரண்டு போடலாம் என்றார் இன்னொருவர். ஒழுங்கு முக்கியம் அல்லவா?

நான் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஜினியர். சோதிக்காமல் எதையும் 'ரிஜெக்ட்' பண்ணக்கூடாது என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அவருடைய வண்டி எண்ணைக் கேட்டேன். வரிசையில் தேடி நடந்தேன்.

"ஒனக்கு எதுக்கு தங்கச்சி இந்த வேல? அவன் ஆளா நீ?" என்றார் மோட்டாருக்குச் சொந்தக்காரரான அண்ணன்.

ஒரு வேனுக்குப் பின்னால், ஏழாவதாக நின்றது. அதே சிவப்பு, அதே மாடல், அவர் சொன்ன அதே எண். கூட்டம் உடனே திருந்திவிட்டது என்று நினைக்கிறீர்களா? இரண்டுமே திருட்டு வண்டியாக இருக்கலாம் என்றது.

"அண்ணே, ஒங்க சாவிய இதுல போட்டுப் பாருங்க" என்றேன் சொந்தக்காரரிடம்.

போட்டார். எல்லாரும் பார்க்கிறார்களே... போடாமல் என்ன செய்வார்?

திரும்பியது.

"பழைய சாவி லா... தேஞ்சிருக்கும்" என்றார் அண்ணன், மெதுவாக.

அவர் கையில் இருந்தால் தேய்ந்த சாவி. அடுத்தவர் கையில் இருந்தால் கள்ளச் சாவி. இந்தக் கோளாறுக்கு எங்கள் லேபில் கருவி கிடையாது.

கூட்டத்துக்குத் திடீரென்று ஆயிரம் வேலை வந்துவிட்டது. வேல் பச்சை குத்தியவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். மணி ஒன்பது ஐம்பது. ஹோட்டல் இரண்டு தெரு தள்ளித்தான்.

சாயங்காலம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அம்மா ஒரு வீடியோ அனுப்பினார். 'சூலியா தெருவில் மோட்டார் திருடன், கூட ஒரு பெண்!' அண்ணனின் சாவி திரும்புவதற்கு முன்பே வெட்டப்பட்ட வீடியோ. அந்தப் பெண்ணின் முதுகு மட்டும் தெரிந்தது. தோளில் அம்மா தீபாவளிக்கு எனக்கு வாங்கிக் கொடுத்த பை.

"இந்த மாரி பொம்பளைங்ககிட்ட ஜாக்கிரதையா இரு" என்று கீழே அம்மா எழுதியிருந்தார்.

இன்றைய நிலவரம்: மன்னிப்புக் கேட்டவர் யாரும் இல்லை. வீடியோ இன்னும் சுற்றுகிறது. அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.