கழுவிவிட்ட வட்டம்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் எங்கும் சாலை மறியல். காய்ச்சலில் துவண்ட மாமியாரோடு கல்வராயன் மலையிலிருந்து வாடகை வேனில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். முதல் மறியலில் அவரைப் பார்த்ததும் வழிவிட்டு, வேன் கதவில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார்கள். எதற்கென்றே எனக்குத் தெரியவில்லை.

வழியில் மாமியார் ஜன்னல் வழியே வாந்தி எடுத்தார். டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்க ஏரிக்குப் போன நேரத்தில், கதவை நானே கழுவித் துடைத்தேன்.

அடுத்த மறியலில் ஒருவர் மறித்தார். "வட்டம் போட்ட வண்டியத்தான் வுடச் சொல்லிக்கிறாங்க. உங்களுதுல காணோமேம்மா?"

ஈரத்துணியோடு இறங்கிக் கதவைப் பார்த்தேன். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். என் கையிலிருந்த ஈரத்துணியின் சுண்ணாம்பைப் பார்த்து அந்த மனிதர் சிரித்துவிட்டார். புதிதாக வட்டம் போட்டு, "இத்தயாவது கழுவாதீங்கம்மா" என்றார்.

இப்போதெல்லாம் வாடகை வண்டியில் அழுக்கைக் கண்டால், அது அழுக்குதானா என்று டிரைவரைக் கேட்டுவிட்டே துணியை எடுக்கிறேன்.