ரங்கத் பஸ்ஸுக்கு ஆமாமா, இல்லையா?

பதிலை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு எல்லோரும் தலையாட்டுகிற மாதிரி ஒரு கேள்வியைத் தயார் செய்வதுதான் ஆன்லைன் வாக்கெடுப்பு நடத்தும் எங்கள் தொழில். போர்ட் பிளேரில் ஒரு சின்னச் செய்திப் பக்கத்துக்கு தினம் ஒரு கேள்வி போடுகிறவள் நான். உங்கள் போனுக்கும் இந்த மாதிரி வந்திருக்கும். 'ஊழலை எதிர்க்கிறீர்களா?' என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? ஆமாம் என்று அமுக்கிவிட்டு, நாட்டைத் திருத்திய களைப்பில் டீ குடிக்கப் போயிருப்பீர்கள். வெட்கப்படாதீர்கள், நானும் அமுக்கியிருக்கிறேன்.

வாடிய காய், பச்சைக் காய்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் போட்ட கேள்வி: 'கப்பலில் வாடி வதங்கி வரும் மெயின்லேண்ட் காய்கறி வேண்டுமா, நம் மண்ணில் விளைந்த பச்சைப் பசேல் காய்கறி வேண்டுமா?' ஊரே நம் மண்ணின் பக்கம் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு டாலிகஞ்சில் நான் வாடிக்கையாகக் காய் வாங்கும் அண்ணனிடம் காட்டப் போனேன்.

அவர் ராமநாதபுரத்துக்காரர், எதையும் அவசரப்படாமல்தான் சொல்வார். முழுக்கப் படித்துவிட்டு இரண்டு கூடைகளைக் காட்டினார். கப்பல் கத்திரிக்காய் தீர்ந்திருந்தது. உள்ளூர்க் கத்திரிக்காய் காலையில் கொட்டினபடியே கிடந்தது. "நீ கேட்ட கேள்விக்கு நானும் நம்ம காய்க்குத்தான் ஓட்டுப் போடுவேன் தங்கச்சி. ஆனா பையை நீட்டும்போது அந்தக் கேள்வியை யாரும் கேக்குறதில்லையே" என்றார்.

மேட்டில் நிற்கும் பஸ்

அத்தோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

எங்கள் ஊர் டெலானிபூர் மேட்டில் தினமும் காலை பத்து மணிக்கு, வடக்கே நடு அந்தமானில் இருக்கும் ரங்கத்திலிருந்து வரும் ஒரு தனியார் பஸ் நின்று ஆள் இறக்கும். பின்னால் ஸ்கூட்டரில் நான். ஒரு நாள் ஆபீஸுக்கு நேரமாகி, எரிச்சலில் எழுதினேன்: 'ஆபீஸ் நேரத்தில் மேட்டை அடைத்து நின்று நம்மைத் தவிக்க விடும் ரங்கத் பஸ்ஸை மதியத்துக்கு மாற்றலாமா?' ஆமாம் என்று வந்து குவிந்தது. அந்த பஸ்ஸின் முதலாளிக்கும் விடியலுக்கு முன்னால் வண்டியை எடுப்பது சலித்துப் போயிருந்ததாம். வாக்கெடுப்பைப் பார்த்துவிட்டு எனக்கே போன் போட்டார். "ஜனங்களே சொல்லிட்டாங்க மேடம், ஒண்ணாந்தேதியிலிருந்து மதியம்தான்" என்றார்.

ரங்கத்திலிருந்து ஒரு போன்

மறுநாள் ஆபீஸ் நம்பருக்கு ஒரு அம்மாள் கூப்பிட்டாள். பெயர் பேச்சியம்மாள். கணவர் முருகேசனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் போர்ட் பிளேருக்கு வந்து ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அவருக்கு மெஷின் ஒதுக்கியிருப்பது பதினோரு மணிக்கு. ரங்கத்திலிருந்து வரும் சாலை பழங்குடியினர் காட்டுக்குள் போகிறது; அந்த வழியில் வண்டிகளைக் குறித்த நேரத்தில், போலீஸ் காவலோடு, வரிசையாகத்தான் விடுவார்கள். கான்வாய் என்போம். முதல் கான்வாயைப் பிடித்தால்தான் பதினோரு மணிக்குப் படுக்கை. மதிய பஸ் என்றால் படுக்கை வேறு ஒருவருக்குப் போய்விடும். பஸ் மேட்டில் நிற்பதும் இவரைப் போன்றவர்கள் ஆஸ்பத்திரிக்கு மேடு ஏறி நடக்க முடியாது என்றுதான்.

தீவில் எல்லோருக்கும் தெரிந்த கான்வாய் கணக்கு, ஸ்கூட்டரில் உட்கார்ந்தபோது எனக்கு மட்டும் மறந்து போயிருக்கிறது. நீங்கள் இல்லை என்று ஓட்டுப் போட்டிருக்கலாமே அம்மா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். இந்தத் தீவில் எல்லாப் பெண்ணும் எல்லோருக்கும் தீதி, அதாவது அக்கா. "நானும் ஆமான்னுதான் அமுக்கினேன் தீதி. அடுத்தவங்களைத் தவிக்க விடலாமான்னு கேட்டா, வேற என்னத்த அமுக்குறது?"

வக்கீல்

அன்றைக்கே புதுக் கேள்வி எழுதினேன்: 'உயிருக்குப் போராடும் ஏழைகளைச் சுமந்து வரும் ஒரே காலை பஸ்ஸைப் பறிப்பது நியாயமா?' எழுதும்போதே கண் கலங்கிவிட்டது. எங்கள் ஆசிரியர் தாஸ் தாதா வங்காளி; தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். எங்களோடு பழகிப் பழகித் தமிழும் பிடித்துவிட்டார். படித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

பொய் ஒன்றும் எழுதவில்லையே என்று சண்டைக்குப் போனேன். முன்னால் எழுதியதும் பொய் இல்லை என்றார். அது உண்மை, பஸ் அடைத்துக்கொண்டுதான் நின்றது. "அரே, நேத்து பஸ்ஸுக்கு எதிரா வக்கீல், இன்னிக்கு பஸ்ஸுக்கு வக்கீல். நீ எப்போதான் வெறுமனே கேப்பே?"

மூன்றாவது பட்டன்

வெறுமனே கேட்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அரை நாள் ஆனது. கடைசியில் இப்படி வந்தது: 'ரங்கத் பஸ் காலை பத்து மணிக்கு வருகிறது. டெலானிபூர் மேட்டில் சில நிமிடம் நிற்பதால் போக்குவரத்து தடைபடுகிறது. இதில் சிகிச்சைக்கு வருகிறவர்களும் உண்டு. நேரத்தை மாற்றலாமா?' ஆமாம், இல்லை, இவற்றோடு முதல் முறையாக 'தெரியாது' என்று ஒரு பட்டனும் வைத்தேன்.

இரண்டு நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவைப் பார்த்தால், ஆமாமும் கொஞ்சம், இல்லையும் கொஞ்சம், மிச்சம் அத்தனையும் தெரியாது. முழு விவரத்தையும் சொன்னதும் ஜனங்கள் யோசித்திருக்கிறார்கள், மகராசர்கள். அதை முதலாளிக்கு அனுப்பிவிட்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு காத்திருந்தேன். "இத்தனை பேர் தெரியாதுன்னா நான் எதை நம்பி மாத்துறது? பழைய நேரமே ஓடட்டும் மேடம்" என்றார்.

மேட்டில் இறங்கியவர்

அடுத்த முறை அவர்கள் வந்த அன்றைக்கு ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு மேட்டில் காத்து நின்றேன். பேச்சியம்மாள் முதலில் இறங்கி, கணவருக்குத் தோள் கொடுத்தாள். முருகேசன் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கினார். பின்னால் இரண்டு கார்கள் ஹார்ன் அடித்தன. நான்தான் அந்தக் கேள்வி எழுதியவள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு கார்களைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டாவதா வந்த கேள்விக்கு நானும் ஓட்டுப் போட்டேன்மா. தெரியாதுன்னுதான். என் உயிருக்காக இவங்களை நிறுத்தி வைக்கலாமான்னு எனக்கு நெசமாவே தெரியலை."

ஊரின் கருத்தைக் கேட்டே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியவளுக்கு, இந்த ஊர் செய்த பெரிய உபகாரம் கருத்தே சொல்லாமல் இருந்ததுதான்.