பல்லால் அறுத்த நூல்

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. தையல்காரர். பேருந்தில் உட்கார்ந்தாலும் பக்கத்து ஆளின் பிரிந்த தையல்தான் கண்ணில் படும். சட்டைக் காலருக்கு அடியில் எப்போதும் ஓர் ஊசி குத்தியிருப்பார். நூல் நுனியை வாயில் நனைத்துக் கோப்பார், தைப்பார், பல்லால் கடித்து அறுப்பார். கத்தரிக்கோல் மடியிலேயே கிடக்கும்.

போன வருடம் நாக்கின் ஓரத்தில் புற்றுநோய் என்று வெட்டி எடுத்தார்கள். அதிலிருந்து அவ்வப்போது எச்சில் கொடுத்துவிட்டு வர வேண்டும். நோய் திரும்பினால் அதன் தடயங்கள் எச்சிலில் தெரிய வாய்ப்புண்டாம். டாக்டர் வாயைப் பார்ப்பதோடு இதையும் சேர்த்துப் பார்ப்பார். அதற்கு முன் ஒரு மணி நேரம் எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது.

இந்த முறை பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. எச்சிலில் ரத்தம் கலந்திருக்கிறது, இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மறுபடி வாருங்கள் என்றார்கள். ரத்தம் எங்கிருந்து வந்தது? மனுஷன் வாயைத் திறந்து காட்டவும் மாட்டேன் என்கிறார். சட்டையில் பட்டன் மாட்டும் ஒரே காஜாவைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். நான் அணைத்த அடுப்பையே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன்.

மறுபடி போனோம். காத்திருந்த இடத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எச்சில் வாங்கும் பெண்ணின் கோட்டில் ஒரு பட்டன் தொங்கியது. கழற்றிக் கொடும்மா என்று கேட்டு வாங்கிவிட்டார். கை காலருக்குப் போனது, நூல் வாய்க்குப் போனது. எனக்கு வந்ததே கோபம்!

"போன தடவையும் இதே வேலைதானா?" என்றேன்.

திருதிருவென்று முழித்தார். போன தடவை யாரோ ஒருவரின் பை வார் அறுந்திருந்ததாம். முரட்டு நூலாம், கடித்து இழுத்ததில் ஈறு லேசாகக் கிழிந்ததாம்.

"நான்தான் எதுவும் சாப்பிடலையே" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு இன்னொரு மணி நேரம் உட்காரச் சொன்னாள். ஊசியைப் பிடுங்கி என் பைக்குள் போட்டேன். அதன் பிறகுதான் எச்சில் கொடுத்தார்.

சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அன்றே அவர் வாயைப் பார்த்திருந்த டாக்டரும் போனில் அதையே சொன்னார். அவருடைய தையல் கடைக்கு ஓடினேன். அவர் நூலை வாயில் வைக்காமல் கோக்கப் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நூலை வாங்கி, என் வாயில் நனைத்துக் கோத்துக் கொடுத்தேன்.

"இனிமே உன் எச்சில்லதான் என் பொழப்பு ஓடணும்" என்றார்.

திட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அடுத்த ஊசியையும் வாங்கிக்கொண்டேன்.