பார்க்கிங்கின் இரண்டு மூலைகள்

என் நாய்க்குக் குடை என்றால் ஆகாது. ஆண்டில் பாதி நாள் மழை பெய்கிற கொச்சியில் அப்படி ஒரு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மட்டாஞ்சேரிச் சந்துகளில் நடப்பது என்ன பாடு என்று நடந்தவர்களுக்குத்தான் தெரியும். மற்ற நாய்களும் அவளுக்கு ஆகாது. தெருமுனையில் ஒரு வால் தெரிந்தால் போதும், பின்னங்காலில் எழுந்து நின்று கத்த ஆரம்பித்துவிடுவாள். கயிற்றின் இந்த நுனியில் நான், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் தெரு முழுக்க இழுபட்டுப் போவேன். எங்களைக் கண்டதும் பழம்பொருள் கடைக்காரர்கள் வாசலில் நிற்கும் ஆளுயர விளக்குகளை ஒரு கையால் பிடித்துக்கொள்வார்கள்.

சுக்குக் கிடங்கு ஒன்றின் பின்பக்கத்தில், மழையில் நனைந்தபடி கிடந்த குட்டியை நான்தான் எடுத்து வந்தேன். தவிட்டு நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. பார்த்த வரன்கள் எல்லாம் ஏதேதோ காரணத்தால் நின்றுபோய், அந்தப் பேச்சையே வீட்டில் விட்டிருந்தார்கள். வீடு என்றால் நானும் அம்மாவும்தான். வேலை காக்கநாட்டில். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, உலகத்தில் எங்கெங்கோ கோபமாக இருக்கும் வாடிக்கையாளர்களிடம் நாள் முழுவதும் மெல்லிய குரலில் மன்னிப்புக் கேட்பது. சத்தமாகப் பேசுவது எப்படி என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அக்கம்பக்கத்துப் புகார் கூடிக்கொண்டே போனபோது, மிருக வைத்தியர் காக்கநாட்டில் ஒரு பயிற்சியாளரிடம் அனுப்பினார். செயற்கைப் புல் விரித்த கால்பந்து டர்ஃப் ஒன்றை ஞாயிறு காலைகளில் வாடகைக்கு எடுத்து, அந்தப் பெண் நாய்களுக்கு அஜிலிட்டி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கம்பிகளைத் தாண்டுவது, துணிக்குழாய்க்குள் புகுந்து வெளிவருவது, வரிசையாக நட்ட கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுவது, சீசாப் பலகையில் ஏறி இறங்குவது. எல்லாவற்றையும் சொன்ன வரிசையில் செய்யவேண்டும். நாய்க்கு வரிசை தெரியாது. கூட ஓடுகிறவர்தான் அதை மனப்பாடம் செய்து, கையாலும் குரலாலும் வழிகாட்ட வேண்டும்.

என் நாய் மற்ற நாய்களைக் கண்டால் வெறிபிடித்த மாதிரி ஆகிவிடும் என்று நான் தயங்கினேன். அதற்கு அவர், இவள் கெட்டவள் இல்லை, ரியாக்டிவ், பயம் முன்னால் வந்து குரைப்பு பின்னால் வருகிறது, அவ்வளவுதான் என்றார். களத்துக்குள் ஒரு நேரத்தில் ஒரு நாய்தான். அங்கே இவளுக்குப் பிரச்சினை இருக்காது. வெளியே காத்திருக்கும் நேரம்தான் கஷ்டம், அதற்கு ஒரு வழி பண்ணிக்கொள்ளலாம் என்று சொன்னார்.

அன்று அவளைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிட்டேன். முதல் கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தாண்டினாள். தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்த அந்த முகத்தை என்னால் விவரிக்க முடியாது. இப்படி ஒன்று இருக்கிறது என்று ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதுபோல இருந்தது. அப்புறம் அந்த டர்ஃப் முழுக்க அவளும் நானும் ஓடிய ஓட்டத்தில் எனக்கு மூச்சும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. மறுநாள் அலுவலக நாற்காலியில் உட்காரும்போது தொடை இரண்டும் கடுத்தன. அந்த வலிகூடப் பிடித்திருந்தது.

சில மாதம் கழித்து அதே டர்ஃபில் ஒரு சின்னப் போட்டி வைத்தார்கள். வெளியூர் நாய்களும் வந்திருந்தன. காத்திருக்கும் நேரத்துக்கு வழி பண்ணலாம் என்று பயிற்சியாளர் சொன்னது, பார்க்கிங்கின் கடைக்கோடி மூலை. பாதாம் மரத்தடியில் என் பழைய ஆல்டோவை நிறுத்தி, கதவுகளில் போர்வையைத் தொங்கவிட்டு, அதன் மறைவில் நாயோடு உட்கார்ந்திருக்க வேண்டும். முறை வரும்போது ஆள் வந்து கூப்பிடுவார்கள்.

எதிர் மூலையில், இதேபோல் பெட்ஷீட் தொங்கவிட்ட ஒரு ஆம்னி வேன் நின்றிருந்தது. அதன் பின்னாலிருந்து கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு கறுப்பு நாயின் தலை எட்டிப்பார்த்தது. அவ்வளவுதான், இவளும் அதுவும் மாறிமாறிக் கத்தித் தீர்த்துவிட்டன. கத்தல் கொஞ்சம் அடங்கியதும் பெட்ஷீட்டுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் எழுந்து நின்றார். நாற்பது தாண்டியவர், கண்ணாடி போட்டவர். அங்கிருந்தே கேட்டார், மலையாளத்தில். கடிக்குமா என்று.

"கடிக்காது, கத்தும்" என்றேன். பதற்றத்தில் தமிழில் வந்துவிட்டது.

"என்னதும் அதேதான்" என்று அவரும் தமிழில் பதில் கத்தினார்.

அப்படித்தான் தெரிந்துகொண்டோம். அவருடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து பள்ளுருத்தியில் தங்கிப்போனவர். இவர் பிறந்தது படித்தது எல்லாம் இங்கே. தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். டியூஷன் சென்டரில் கணக்கு வகுப்பு எடுக்கிறார், வாத்தியார் என்பதால் எல்லாரும் மாஷ் என்று கூப்பிடுகிறார்கள். இத்தனையையும் அவர் ஒரு பார்க்கிங்கின் அகலத்தைத் தாண்டி எனக்குச் சொன்னார். கடைசி பெஞ்சுவரை எட்டிப் பழகிய குரல் அவருக்கு. எனக்குத்தான் முதலில் தொண்டை கிழிந்தது. நடுவில் கார் நிறுத்த வந்தவர்கள் எல்லாம் என் வேலை என்ன, வயது என்ன, வீட்டில் யார் யார் என்று எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டே போனார்கள்.

போட்டியில் இரண்டு பேருமே தேறவில்லை. என் நாய் இரண்டு கம்பி தாண்டியதும், வெயிலுக்காக யாரோ ஒரு அம்மா குடையை விரித்தார். என் நாய் களத்தை விட்டு வெளியே போய் அந்தக் குடைக்கு முன்னால் நின்று கத்தினாள். வெளியேற்றம். மாஷின் கறுப்பு நாய் கம்பங்களுக்கு நடுவே அழகாக வளைந்து ஓடிவந்து, கடைசிக் கம்பத்தில் நின்று நிதானமாகக் காலைத் தூக்கியது. அதற்கும் வெளியேற்றம்தான் விதி. தன் மூலைக்குத் திரும்பி வந்து அதை அவர் எனக்குக் கத்திச் சொன்னபோது, நான் கார் பானெட்டில் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பில் வயிறு பிடித்துக்கொண்டது. அவரும் அங்கே குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது.

போகும்போது தன் போன் நம்பரைக் கத்தினார். நான் குறித்துக்கொண்டேன். பிரியாணி விற்க வந்திருந்தவரும் குறித்துக்கொண்டார் போலிருக்கிறது, ஒரு மாதம்வரை மாஷுக்கு ஓணம் சத்யா விருந்து வேண்டுமா என்று கேட்டு அழைப்பு வந்ததாம்.

போனில் நாங்கள் அதிகம் பேசவில்லை. பேசிப் பார்த்தோம், இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. பகலெல்லாம் போனிலேயே இருக்கிறவளுக்கு அதில் சுவை தட்டவில்லை. பதிலாக, பயிற்சியாளர் ஒரு யோசனை சொன்னார். இரண்டு நாய்களையும் ஒரே திசையில், நடுவே நல்ல இடைவெளி விட்டு நடத்துங்கள், பழகப் பழக இடைவெளி குறையும் என்று. எங்கள் பக்கத்து மைதானத்தில் தினமும் சாயங்காலம் நடக்க ஆரம்பித்தோம். அந்த ஓரத்தில் அவர், இந்த ஓரத்தில் நான், நடுவில் பையன்களின் கால்பந்தாட்டம். ஆட்டத்துக்கு மேலாக நாங்கள் பேசுவோம். அவர் எந்த மாணவன் எந்தக் கணக்கை எப்படித் தப்பாகப் போட்டான் என்பார். நான் அன்றைக்கு என்னைத் திட்டிய வாடிக்கையாளர்களைப் போலவே பேசிக் காட்டுவேன். கோல் விழுந்தால் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடருவோம். வீட்டுக்கு வரும்போது எனக்குத் தொண்டை கட்டியிருக்கும், கால் தரையில் பாவாது.

ஒருநாள் அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"யாருகூட உனக்கு வழக்கு? மசாலாக் கடைக்காரர் சொன்னார், தினமும் மைதானத்துல நின்னு ஒரு ஆள்கூட சண்டை போடுறியாம்."

"சண்டை இல்லம்மா. பேசிட்டிருக்கோம்."

அம்மா கரண்டியோடு வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப சரி" என்றாள். "சண்டைன்னா நானும் வரலாம்னு நெனச்சேன்."

இடைவெளி குறைந்தது. மைதானத்தின் அகலம் பாதியாகி, பிறகு ஒரு தெருவின் அகலம் ஆயிற்று. அதற்கு மேல் நாய்கள் சம்மதிக்கவில்லை. நாய்களை வீட்டில் விட்டுவிட்டு ஒருமுறை சாயாக் கடையில் சந்தித்தோம். ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்ததும் இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. வந்தபோது, பழக்கத்தில், பார்க்கிங் சத்தத்தில் வந்தது. சர்க்கரை கம்மியா போடச் சொல்லுங்க என்று நான் சொன்னதற்கு, யூதர்களின் சினகாக் கோயிலைப் பார்க்க வந்திருந்த வெள்ளைக்காரத் தம்பதி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய கண்ணாடிக்குப் பின்னால் இமைமுடி இவ்வளவு நீளம் என்பதை அன்றுதான் பார்த்தேன். தூரத்தில் தெரியாது இல்லையா.

அடுத்த போட்டி மழை விட்ட பிறகு வந்தது. குடை விரிக்கக்கூடாது என்று பயிற்சியாளர் முன்கூட்டியே எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவர் சென்னையிலிருந்து வந்தவர், பெரியவர், யாரிடமும் சிரிக்காதவர். எங்கள் இரண்டு பேரையும் கடைசியில் வைத்திருந்தார்கள், முதலில் நான், அப்புறம் மாஷ்.

அந்த ஓட்டம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று எனக்குத் தெரியாது. நான் கையைக் காட்டுவதற்கு முன்பே அவள் திரும்பினாள். கம்பி, கம்பி, குழாய். குழாயின் மறுமுனைக்கு நான் ஓடிச் சேர்வதற்குள் அவள் வெளியே வந்து என்னைக் கடந்து போனாள். சீசாவில் பலகை தாழும்வரை நின்றாள், அதுவரை ஒருநாளும் நின்றதில்லை. கம்பங்களுக்கு நடுவே அந்தத் தவிட்டு உடம்பு தண்ணீர் மாதிரிப் போயிற்று. கடைசிக் கம்பியைத் தாண்டியதும் நேராக என் மார்பில் பாய்ந்தாள், நான் மல்லாந்து விழுந்தேன். ஒரு கம்பிகூட விழவில்லை. ஒரு தவறும் இல்லை. டர்ஃபின் பச்சை நாரெல்லாம் தலையில் ஒட்டியிருக்க, நாயைத் தூக்கிக்கொண்டே என் மூலைக்கு ஓடினேன். அவள் கனம் தெரியவே இல்லை.

எதிர் மூலையில் மாஷ் கறுப்பு நாயின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். எப்படி என்று கையால் கேட்டார்.

"சுத்தமா ஓடிட்டா" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் அடுத்ததும் வந்துவிட்டது. "மாஷே, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான். பார்க்கிங்கில் இருந்தவர்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள். நாய்கள் இரண்டும் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. மாஷ் காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்று சைகை காட்டினார். இன்னொரு முறை கேட்க எனக்கு வாய் எழவில்லை. அவரைக் களத்துக்குக் கூப்பிட வந்திருந்த பெண்தான் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, என் கேள்வியை மலையாளத்தில் அவருக்குத் திருப்பிச் சொல்லி, சீக்கிரம் வரும்படி அவசரப்படுத்தினாள்.

"மாஷே, கல்யாணம் கழிக்காமோன்னாணு சோதிக்குன்னது. வேகம் வரணம், அடுத்தது நீங்களாணு."

அவர் என்னைப் பார்த்தபடியே நடந்து களத்துக்குள் போனார். நான் நாயைக் காரில் ஏற்றிவிட்டு வலைக்குப் பின்னால் போய் நின்றேன். விசில் ஒலித்தது. கறுப்பு நாய் முதல் கம்பியைத் தாண்டியது. மாஷ் அசையவில்லை. அது திரும்பி அவரைப் பார்த்தது. அவர் குழாய் பக்கம் நாலடி ஓடினார், நின்றார், சீசா பக்கம் ஓடினார். காலையிலிருந்து மனப்பாடம் செய்த வரிசை சுத்தமாகப் போய்விட்டிருந்தது. கடைசியில் களத்தின் நடுவில் நின்று சிரிக்க ஆரம்பித்தார். நாய் அவரைச் சுற்றிச்சுற்றி ஓடியது. நடுவர் கையைத் தூக்கி, வெளியேற்றம் என்றார்.

"சம்மதம்" என்று மாஷ் என் பக்கம் திரும்பி, அந்த டர்ஃப் முழுக்கக் கேட்கும்படிச் சொன்னார். "எனக்கு முழுச் சம்மதம்."

தன் தீர்ப்புக்குத்தான் மாஷ் சம்மதம் சொல்கிறார் என்று நடுவர் நினைத்துக்கொண்டார். அருகில் வந்து மாஷின் தோளைத் தட்டி, இவ்வளவு நல்ல மனசோடு ஏற்றுக்கொள்கிறவரை நான் பார்த்ததே இல்லை என்றாராம். அன்று நடுவர் சிரித்தது அப்போதுதான். எனக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது, ஒரு ரோசாநிற ரிப்பன். அதை வாங்கும்போதும் நான் மாஷைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் சிரித்தாள். ஆள் யார், எந்த ஊர்க்காரர் என்று எல்லாம் கேட்ட பிறகு, கத்திப் பேசுகிறவர்கள் மனசில் எதையும் வைத்துக்கொள்ளமாட்டார்கள் என்று தானே தனக்குச் சொல்லிக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாஷ் நாயில்லாமல் வீட்டுக்கு வந்தார். அம்மா நேந்திரம்பழம் நறுக்கிப் பழம்பொரி செய்தாள். ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் நடந்தது. நாய்களைக் கூட்டிப்போகவில்லை.

இப்போது மட்டாஞ்சேரியிலேயே நீளமாக ஒரு வீடு எடுத்திருக்கிறோம். முன்னறையில் என் நாய், பின்னறையில் கறுப்பு நாய், நடுவில் நடைபாதை. அதன் இரண்டு முனையிலும் முழங்கால் உயரத்துக்கு மரத்தட்டி அடைத்திருக்கிறோம். இரண்டுக்கும் தாண்டத் தெரியும், ஆனாலும் தாண்டுவதில்லை. தட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்து, ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்தபடி தூங்கிவிடுகின்றன. சாப்பிடும் நேரத்தில் மட்டும் ஒரு சுற்று கத்தல் உண்டு.

காலையில் அம்மா காபித் தட்டோடு முன்னறையிலிருந்து பின்னறைக்கு வருவாள். ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் தட்டியைத் தாண்டுவாள், நடைபாதையில் நாலு எட்டு வைப்பாள், இரண்டாவதையும் தாண்டுவாள். காபி சிந்துவதில்லை. அடுத்த போட்டிக்கு அம்மா பெயரையும் கொடுக்கலாமா என்று மாஷ் நேற்றுக் கேட்டார். மழைக்காலம் முடியட்டும், முழங்கால் வலி கொஞ்சம் குறையும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.