சியாக்காப்புக்குப் பார்த்த வைத்தியம்

என் கணவர் ஞாயிறுதோறும் சுங்கை செம்பிலாங்குக்குத் தூண்டில் போடப் போக ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியும் வீட்டுக்கு ஒரு மீன்கூட வரவில்லை. கேட்டால், பிடித்ததையெல்லாம் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுகிறாராம். நம்பிக்கை வராமல் ஒரு நாள் நானும் கூடப் போனேன்.

படகுத்துறை ஜெட்டியில் அரை மணி நேரத்தில் தூண்டில்கோல் வளைந்தது. உண்மையாகவே ஒரு சியாக்காப், அதுதான் கொடுவா மீன், முழங்கை நீளம். இவர் அதை அப்படியே தூக்கி, வெயிலில் காய்ந்த சிமெண்டில் போட்டுவிட்டுக் கைப்பேசியைத் தேடினார். இடது பையில் இல்லை. வலது பையிலும் இல்லை. மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது.

நான் கிளினிக்கில் இருபது வருடமாகத் தாதி. மூச்சுக்குத் தவிக்கிற வாயை எனக்குத் தெரியும்.

"என்னங்க, அதுக்கு மூச்சு முட்டுது."

"விடத்தானே போறேன் லா. ஒரே ஒரு போட்டோ."

"செத்த பிறகு விட்டா என்ன, விடாட்டி என்ன?"

அவர் காய்ந்த துண்டால் மீனைப் பிடிக்கப் போனார். துண்டைப் பிடுங்கிக்கொண்டேன். கையை நனைத்து, மீனை ஏந்தி, படியில் இறங்கித் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டேன். தூண்டில் முள்ளின் பின்கூர், அந்தப் பின்பக்கம் நீட்டிய சின்ன முனை, உதட்டில் மாட்டியிருந்ததால் அவர் குறடு வைத்து எடுப்பதற்குள் இருவருக்கும் வியர்த்துவிட்டது. கையை எடுத்ததும் மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிச் சாய்ந்தது.

"செத்துருச்சாம்மா?" அவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"பேசாம இருங்க."

நிமிர்த்தி, நீரோட்டத்தைப் பார்த்த மாதிரி தாங்கிப் பிடித்தேன். முழங்கால்வரை சேறு. கொஞ்சம் கொஞ்சமாகச் செவுள் விரிந்தது. பிறகு வாலால் என் முகத்தில் ஓங்கி ஒரு அடி. போயே போய்விட்டது.

"டிஸ்சார்ஜ்," என்றேன், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அவர் உட்கார்ந்து, பெட்டியில் இருந்த முட்களின் பின்கூரையெல்லாம் குறடால் நசுக்கித் தட்டையாக்கினார். அடுத்து வந்த சின்ன மீனைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காமலே, ஈரக்கையால் கழற்றி அனுப்பினார். என் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

மறுவாரம் எனக்கும் ஒரு தூண்டில்கோல் கிடைத்தது. என் முதல் மீன் பெரிது. படிக்கு இரண்டடி தூரத்தில் தலையை ஒரு உதறு உதறி, வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டது.

"பின்கூர் இல்லன்னா அப்படித்தான்மா, சுலபமா கழண்டுக்கும்," என்றார் ரொம்ப மரியாதையாக.

வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை.